விறகுக் கணக்கு

திருத்தணிகை மலைக்கு ஏறுவோர் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது வழக்கம். ஆண்டின் நாள்களுக்கு ஒப்ப 365 படிகள். டிசம்பர் 31ஆம் நாள் நடைபெறும் படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி அன்பர்கள் ஏறிச் செல்வதை அங்கத்தினர்களில் பலர் கண்டிருப்பீர்கள். அடியேன் ஏறும்போது மனத்தில் வேறோர் எண்ணமும் கூடவே ஏறி வருகிறது. இந்த 365 நாளும் நம் வீடுகளில் அடுப்பு எரிய வேண்டும். சாயப்பட்டறையில் கொப்பரை கொதிக்க வேண்டும். அதற்கு வேண்டிய விறகு எங்கிருந்து வருகிறது, இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்பதே அவ்வெண்ணம். கணக்குத் தணிக்கை செய்வோன் புத்தி கோயிலிலும் கணக்கை விடுவதில்லை, முருகன் பொறுப்பானாக.

இவ்வெண்ணம் தோன்றியதற்குக் காரணம் ஒரு செலவுச் சீட்டு. திருத்தணி வட்டத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். நூல், சாயம், காஸ்டிக் சோடா, கூலி ஆகிய எல்லாவற்றுக்கும் சீட்டுகள் வரிசையாக இருந்தன. ‘விறகு வகையில்’ என்ற பத்தியில் மட்டும் தொகை இருந்ததே தவிர, எடையோ சீட்டோ இல்லை. சங்கத் தலைவரைக் கேட்டேன்.

“விறகுக்காரம்மா தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடுகிறது, சார். சுமைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறோம். அந்த அம்மாவிடம் போய் எடைச் சீட்டு எப்படிக் கேட்பது?” என்றார் அவர்.

அந்த அம்மாளே சிறிது நேரத்தில் வந்து சேர்ந்தார். வயது அறுபதுக்குக் குறையாது. சும்மாட்டின் மேல் ஓராள் நீளத்துக்குக் கட்டு. “மலைக் கட்டைதான் சாமி. நான் வாழ வந்த புதுசுல அடிவாரத்துலயே ஒடிச்சுக்கிட்டு வெயிலுக்கு முன்னாடி வூடு வந்துடுவேன். இப்ப விடியறதுக்கு முன்ன போனா உச்சி வேளைக்குத்தான் திரும்பறேன்,” என்றார்.

ஓர் ஐந்தொகைக் குறிப்பு முழுவதும் அச்சொற்களில் அடங்கியிருந்தது. முன்பு அடிவாரத்தில் கிடைத்தது இப்போது மலைக்கு அப்பால் கிடைக்கிறது என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் வட்டியை எடுத்து உண்ணவில்லை. அசலையே எடுத்து எரித்துவிட்டோம் என்பது பொருள்.

முதலில் செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். பருத்தி நூலுக்குச் சாயம் ஏறவேண்டுமானால், அதிலுள்ள இயற்கை மெழுகும் எண்ணெய்ப்பசையும் நீங்க வேண்டும். அதற்காகக் காஸ்டிக் சோடா கலந்த நீரில் நூலை மணிக்கணக்காக வேகவைக்கிறோம். சாயம் தோய்த்த பிறகு, ஒட்டாமல் நிற்கும் நிறம் போகச் சவுக்காரக் கொதிநீரில் மீண்டும் அலசுகிறோம். பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும் அடுப்பு வேண்டும். இவற்றுள் நூல் வேகவைப்பதே விறகை மிகுதியாக விழுங்கும் வேலை. 200 லிட்டர் நீர் கொள்ளும் கொப்பரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர லிட்டர் ஒன்றுக்கு 70 வீதம் 14,000 கிலோ கலோரி வெப்பம் தேவை. நன்கு உலர்ந்த விறகு கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 3,300 கிலோ கலோரி தரும். ஆயினும் மூன்று கல்லைக் கூட்டி வைத்த திறந்த அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. மற்றது காற்றிலும் புகையிலும் போகிறது. ஆகவே நீர் கொதிநிலையை எட்டுவதற்கு மட்டுமே 42 கிலோ விறகு எரிகிறது. நாற்புறமும் மண்சுவர் எழுப்பி, அடியில் சாம்பல் தட்டும் பின்புறம் புகைபோக்கியும் வைத்த அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் சேருமானால், அதே வேலைக்கு 21 கிலோ போதும். மலையிலிருந்து ஒரு தலைச்சுமை வருவதும் வேண்டாததும், கொத்தனார் ஒருவரின் ஒரு நாள் வேலையைப் பொறுத்திருக்கிறது.

ஈர விறகின் கதை இன்னும் வேடிக்கையானது. புதிதாக வெட்டிய கட்டையில் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அது எரியும்போது முதலில் தன்னுள் இருக்கும் நீரை ஆவியாக்கிக்கொண்டு, மிச்சத்தையே நமக்குத் தருகிறது. கிலோவுக்கு 1,900 கிலோ கலோரிக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. மேற்சொன்ன கொப்பரைக்கு அவ்விறகு 70 கிலோவுக்கு மேல் பிடிக்கும். பட்டறையில் வேலை செய்வோரின் கண் எரிச்சலும் இருமலும் இக்கணக்கில் சேரவில்லை. எந்தச் சங்கமாவது விறகை எடை போட்டு வாங்கத் தொடங்கினால், ஈரக் கட்டைக்கும் உலர்ந்த கட்டைக்கும் ஒரே விலை வைத்துவிடக் கூடாது. அப்படி வைத்தால் தண்ணீருக்கு விறகு விலை கொடுத்தவர்கள் ஆவோம். சுமைக் கணக்கில் வாங்கிவந்த நம் சங்கத் தலைவர் தம்மை அறியாமலே இத்தவற்றிலிருந்து ஓரளவு தப்பியிருந்தார். உலர்ந்த சுள்ளிதான் தலையில் சுமக்க இலேசானது.

இனி வீட்டுக் கணக்கு. எரிவாயு உருளை வந்தபின் விறகுப் பேச்சு எதற்கு என்று சில இளைஞர்கள் கேட்பதுண்டு. 2016இல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு ஏழை இல்லங்கள் பலவற்றில் உருளை நுழைந்தது மெய். அது பெண்களின் நுரையீரலுக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சுற்றுப்பயணம் செய்யும் ஊர்களில், உள்ளே உருளையும் புறக்கடையில் விறகடுப்புமாக இரண்டும் வாழ்கின்றன. குளிக்க வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, நெல் அவித்தல், கல்யாணச் சமையல் எல்லாம் புறக்கடையில்தான். உருளை தீர்ந்து, அடுத்ததற்குக் கையில் பணம் சேரும் வரையில் உள் சமையலும் அங்கேதான்.

விறகையே நம்பியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,825 கிலோ. நூறு குடும்பம் உள்ள ஊருக்கு 182½ டன். நம் பக்கத்து வறண்ட புதர்க்காடு, ஆடுமாடும் கோடாரியும் அண்டாமல் காக்கப்பட்டால், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு அரை டன் விறகு வளர்வதாகக் கொள்வோம். மண் நல்லதானால் கூடும், பாறையானால் குறையும். அப்படியானால் அந்நூறு குடும்பத்துக்கும் அசலைத் தொடாமல் விறகு கிடைக்க எத்தனை ஏக்கர் காடு வேண்டும்? 365 ஏக்கர்! மலைப்படிகளின் எண்ணே மீண்டும் வந்து நிற்கிறது. இது நான் ஜோடித்த கணக்கன்று. வேண்டுவோர் தாமே பெருக்கி வகுத்துப் பார்க்கலாம்.

இந்த 365 ஏக்கரையும் ஆண்டுதோறும் முழுவதும் சுற்றி, கண்டதை ஒடித்து வருவது ஒரு முறை. அம்முறையில்தான் அடிவாரம் மொட்டையாயிற்று. மற்றொரு முறை, காட்டைப் பத்துப் பாகமாகக் கல் நட்டுப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாகத்தை மட்டும் வெட்டி, மற்ற ஒன்பதைத் தொடாது விடுவது. பதினோராம் ஆண்டில் முதற்பாகத்துக்குத் திரும்பும்போது அங்கே பத்தாண்டு வளர்ச்சி நிற்கும். 36½ ஏக்கரில் ஏக்கருக்கு 5 டன் வீதம் அதே 182½ டன் கிடைக்கும். வனத்துறையினரும் குத்தகைதாரரும் இப்பாகத்தைக் ‘கூப்பு’ என்பர். ‘இந்த வருஷக் கூப்பு எங்கே?’ என்று முதியவர்கள் கேட்பதை மலையோர ஊர்களில் இன்றும் கேட்கலாம்.

ஆண்டு வளர்ச்சிக்கு மேல் வெட்டலாகாது என்ற கொள்கையை முதன்முதலில் நூலாக எழுதியவர் தோட்டக்காரரோ முனிவரோ அல்லர். ஒரு சுரங்க அதிகாரி. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் வெள்ளிச் சுரங்கங்களை நிருவகித்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் என்பவர், தாதுவை உருக்கும் உலைகளுக்கு விறகு கிடைக்காமற்போவதைக் கண்டு 1713இல் அந்நூலை வெளியிட்டார். காடு அழிந்ததால் வருந்தியவர் என்பதைக் காட்டிலும், விறகு வகைச் செலவைப் பார்த்து விழித்துக்கொண்டவர் என்பது பொருந்தும். என் இனத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறு பெருமை உண்டு.

அக்கொள்கை நம் மலைகளுக்கு வந்ததும் உலைக்காகவே. ஆனால் அவ்வுலை சக்கரங்களின் மேல் ஓடியது. சென்னை மாகாணத்தில் 1856இல் டாக்டர் கிளெக்ஹார்ன் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில்தான் சென்னை இரயில்வேயின் முதல் வண்டி இராயபுரத்திலிருந்து ஆற்காட்டு வாலாசா ரோடு வரை ஓடியது. அரக்கோணத்திலிருந்து திருத்தணி வழியாக ரேணிகுண்டாவுக்குப் பாதை நீண்ட அந்நாள்களில் எஞ்சின்கள் பெரும்பாலும் விறகைத் தின்று ஓடின. இருப்புப்பாதையோரக் காடுகள் சில ஆண்டுகளிலேயே வெளுத்தன. கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கும் சென்னை நகரின் அடுப்புகளும் இரயிலின் வயிறுமே காரணம். பின்னர் ஜெர்மானிய வனவியலறிஞர் டீட்ரிச் பிராண்டிஸின் ஆலோசனைக் காலத்தில் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக் காடுகள் அளந்து கல் நடப்பட்டன. கூப்பு முறையும் வேலைத் திட்டங்களும் வந்தன.

முறை நல்லதுதான். ஆனால் அங்கத்தினரைக் கேளாமல் செயலாளர் மட்டும் நடத்தும் சங்கம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அது. கூப்பு ஏலம் போகும். பணமுள்ள குத்தகைதாரர் எடுப்பார். மலையடியில் வாழ்வோர் அவரிடமே விறகை விலைக்கு வாங்குவர், அல்லது இருட்டில் எடுத்து அபராதம் கட்டுவர். இக்குறைகளை விசாரிக்கச் சென்னை அரசாங்கம் அமைத்த வனக் குழு 1913இல் தன் அறிக்கையைத் தந்தது. அதன் பின் ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த காடுகள் சிலவற்றை ஊரார் கையிலேயே விட்டு, வனப் பஞ்சாயத்துகள் அமைக்கப்பட்டன. எல்லா இடத்திலும் மனக்கசப்பு தீர்ந்துவிடவில்லை. 1921-22இல் குண்டூர் மாவட்டத்துப் பல்நாட்டில் மேய்ச்சல் வரிக்கு எதிராக எழுந்த காட்டுச் சத்தியாக்கிரகத்தில் கன்னெகண்டி ஹனுமந்து சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் திருத்தணிக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்திருந்த நம் வட்டம், வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பை ஒட்டி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மொழிக்கும் உரிமைக்கும் அது நன்னாள். ஆனால் காட்டுக்கு மொழி கிடையாது. மலையின் இச்சரிவு ஒரு மாநிலம், அச்சரிவு வேறு மாநிலம் என்றானபோது, ஒரே விறகுத் தடத்துக்கு இரண்டு வனக்காவலர் ஆயினர். சுள்ளி பொறுக்கும் பெண்ணுக்கு எல்லைக்கல் எங்கே தெரிகிறது?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எல்லைக்கு அப்பால் உள்ள மலைகள் செம்மரம் விளையும் மலைகள். உலகில் அம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. ஆகவே கள்ளக்கடத்தலும் காவலும் அங்கே உச்சத்தில் உள்ளன. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டுப் பகுதியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் ஆந்திரக் காவலரின் துப்பாக்கிக்கு இரையாயினர். அந்நிகழ்ச்சி பற்றிய வழக்குகளும் வாதங்களும் ஒருபுறம் இருக்கட்டும். கையில் கத்தியோடு காட்டில் காணப்படும் ஏழை, சுள்ளிக்கு வந்தவனா வேறெதற்கு வந்தவனா என்று எவரும் நின்று விசாரிப்பதில்லை. உரிமையும் எல்லையும் எழுத்தில் இருந்தால்தான் அவன் உயிருக்கு ஒரு காப்பு.

அவ்வாறு எழுத்தில் உரிமை பெற்றுக் காடு காத்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றனர். கூட்டுறவாளர்களாகிய நாம் முதலில் அறியவேண்டியவர்கள் பஞ்சாபின் காங்கிராப் பள்ளத்தாக்கினர். அங்கே 1940களில் கூட்டுறவுச் சட்டத்தின் கீழேயே வனக் கூட்டுறவுச் சங்கங்கள் பதிவு செய்யப்பட்டன. எழுபது வரை பெருகின. ஊரார் தம் பொதுநிலத்தையும் தனிநிலத்தையும் அரசாங்கக் காட்டோடு சேர்த்து ஒரே திட்டத்தில் வைத்தனர். வெட்டும் திட்டத்தை வனத்துறை எழுதித் தந்தது. காவற்காரரைச் சங்கம் நியமித்தது. அரசாங்கம் மானியம் அளித்தது. காங்கிராவும் நம்மைப்போல் மாநிலம் மாறியது; 1966 நவம்பர் 1ஆம் நாள் இமாசலத்தோடு சேர்ந்தது. 1970களில் மானியமும் ஆதரவும் நின்றன. காடு நின்றது, சங்கப் பெயர்ப் பலகையும் நின்றது, அதிகாரம் யாருக்கு என்பது மட்டும் தெளிவில்லாமற்போயிற்று. தன் காலில் நிற்கும் சேமநிதி இல்லாத எந்தச் சங்கத்துக்கும் நேர்வதுதான் இது என்பது என் கருத்து.

வங்காளத்து மேதினிப்பூர் மாவட்டத்தில் ஆராபாரியின் கதை இதற்கு எதிர்ப்புறம். 1972இல் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, வெட்டித் தேய்ந்து அடிக்கட்டைகளே மிஞ்சியிருந்த சால மரக்காட்டை, சுற்றியிருந்த 11 கிராமத்து 618 குடும்பங்களின் காவலில் விட்டார். மொத்தம் 1,272 ஹெக்டேர். நம் அளவில் குடும்பத்துக்கு 5 ஏக்கருக்குச் சற்று மேல். புதிதாக நட்டது சொற்பம். ஆடு, மாடு, அரிவாள் மூன்றையும் விலக்கியதும் பழைய கட்டைகளே துளிர்த்து எழுந்தன. காத்தவர்களுக்கு விறகும் சில்லறை விளைபொருளும், மரம் விற்ற நிகர வரவில் நூற்றுக்கு 25 பங்கும் என்று 1987இல் மாநில அரசு ஆணையிட்டது. 1990 ஜூன் முதல் நாள் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கை அனுப்பியதற்கு ஆராபாரியே முன்மாதிரி. ஆந்திரத்தில் அது வன சம்ரட்சண சமிதி என்ற பெயரில் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்களாக அமைந்தது. நம் பக்கத்தில் அக்குழுக்கள் சில இன்று கூடுவதே இல்லை. திட்டப் பணம் வந்த ஆண்டுகளோடு நடவடிக்கைப் புத்தகமும் நின்றுவிடுகிறது. தங்கள் ஊர்க் குழுவின் புத்தகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். பெட்டியில் இருந்தால் வெளியே எடுக்கலாம்.

வெட்டும் முறையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் அடியேன் பட்டறிவு பெற்றவன். கரும்பு பயிரிடும் அங்கத்தினருக்கு மறுதாம்பு புதிதன்று. கட்டையை ஒழுங்காகச் சீவிவிட்டால் அடுத்த பயிர் நடாமலே எழும். கந்தலாக விட்டால் அழுகும். மரத்துக்கும் அதே விதி. எங்கள் குடும்பப் புன்செயின் ஓரத்தில் உசிலும் வேம்பும் வெட்பாலையுமாக ஒரு துண்டு வளர்ந்திருந்தது. படித்தவன் என்ற துணிவில் நானே நின்று வெட்டுவித்தேன். குனிய மனமில்லாத கூலியாள் முழங்கால் உயரத்தில் வெட்டினான். மழுங்கிய கத்தியால் பட்டை நார் நாராகக் கிழிந்தது. கிழிந்த கட்டைகளில் பாதி உளுத்தன. மீதி துளிர்த்தன, ஆனால் உயரத்தில் துளிர்த்த கிளைகள் கனம் தாங்காமல் காற்றில் பிளந்து விழுந்தன. அதற்குப் பின் தப்பியவற்றை ஒரே பிற்பகலில் ஓர் ஆட்டு மந்தை தீர்த்துக்கட்டியது. மந்தைக்காரர் என் பெரியப்பா முறை, எதுவும் பேசுவதற்கில்லை.

அன்று கற்றது இவ்வளவே. தையிலும் மாசியிலும் மரம் சுணங்கி நிற்கும்போது வெட்ட வேண்டும். பங்குனிக்குள் முடித்துவிட்டால், வெட்டிய கட்டை கோடை வெயிலில் காய்ந்து ஆனிக்குள் அடுப்புக்கு ஆகும். கூரிய கத்தியால், தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேற்படாமல், மழைநீர் வழிந்தோடும்படி சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்டுவது முக்கியம். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து நேரான மரங்களை விதைக்காகவும் நிழலுக்காகவும் விட்டுவைக்க வேண்டும். இவை காட்டின் சேமநிதி, எவ்வளவு முடை வந்தாலும் இதில் கை வைக்கலாகாது. கட்டையைச் சுற்றிக் கொத்தாக எழும் துளிர்களில் ஓராண்டு கழித்து வலுவான இரண்டு மூன்றை நிறுத்தி மற்றவற்றைக் கழித்துவிடலாம். கழித்த தழை நாற்றங்காலுக்கு உரம். வெட்டிய கூப்பில் மூன்று ஆண்டுகளாவது ஆடு நுழையக் கூடாது. இதுவே எல்லாவற்றிலும் கடினம். ஆட்டுக்காரரும் அங்கத்தினர்தாமே, மற்ற ஒன்பது கூப்புகளில் முதிர்ந்தவற்றை அவருக்கு முறைவைத்துத் திறந்துவிடாத திட்டம் எதுவும் நில்லாது.

சவுக்கைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். எரிவதில் அதற்கு இணை அரிது. மூன்று நான்கு ஆண்டில் வெட்டுக்கு வரும். ஆனால் வெட்டிய கட்டையிலிருந்து அது நம்பத்தக்கபடி துளிர்ப்பதில்லை; ஒவ்வொரு முறையும் நட வேண்டும், நீரும் வேண்டும். தோட்டக்கால் உள்ளவருக்கு அது வணிகப் பயிர். வரப்போரத்து விறகுக்குக் கிளுவை, புங்கு, வேம்பு, கிளைரிசிடியா போதும்.

சீமைக் கருவேலைப் பற்றியும் ஒரு சொல். விடுதலைக்குப் பின் யாரோ தூவியது என்று ஊரில் பேசுவர். உண்மையில் 1870களின் இறுதியிலேயே சென்னை மாகாண வனத்துறையினர் கடப்பைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்கு விறகுக்கென்றே அதைக் கொணர்ந்தனர். இன்று அது ஏரிகளை மூடி நிற்கிறது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டதும், பின்னர் அதன்மேல் தடை வந்ததும், 2022இல் மாநில அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்கென்று கொள்கை வகுத்ததும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஏரியைத் தூர்வாரும் ஒப்பந்தக்காரர் அதை வெட்டி லாரியில் ஏற்றிக் கரிமூட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார். அதே ஏரிக்கரையில் இருக்கும் சாயப்பட்டறை, மலைச் சுள்ளியை விலைக்கு வாங்குகிறது! ஏல அறிவிப்பு பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டப்படும் நாளில் சங்கத்தின் பெயரால் ஒரு விண்ணப்பம் ஏன் போகக் கூடாது? வேரோடு பெயர்த்தால் ஏரி மீளும். கட்டையை விட்டு வெட்டினால் மீண்டும் முள்ளே எழும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே மட்டும் மறுதாம்பு நமக்குப் பகை.

சட்டத்தைப் பொறுத்தமட்டில், காப்புக் காட்டில் அனுமதியின்றி வெட்டுவது குற்றமே. நூறு குடும்பம் சேர்ந்து வெட்டினாலும் குற்றமே. வனக்குழுவின் நுண் திட்டத்தில் எழுதி, ரேஞ்சரின் ஒப்புதல் பெற்று எடுப்பது ஒரு வழி. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் சிறு வன விளைபொருள்களுள் புதர்க்கட்டையும் அடிக்கட்டையும் சேர்க்கப்பட்டுள்ளன. நம் வட்டத்து இருளர் குடும்பங்கள் தகுதியிருந்தால் கிராம சபை மூலம் விண்ணப்பிக்கலாம். இவ்விரண்டும் இல்லாதவருக்குத் தம் நிலத்து வரப்பும் ஏரிப் புறம்போக்கும் உண்டு.

அச்சங்கத்துக்குச் சென்ற மாதம் மறுபடியும் போனேன். கொப்பரை அடுப்புக்குச் சுவர் எழும்பியிருந்தது. புகைபோக்கி இன்னும் வரவில்லை. வாசலில் ஒரு தராசும், விறகு வாங்கியதற்குச் சீட்டுப் புத்தகமும் இருந்தன. தணிக்கைக் குறிப்பில் நான் எழுதியபடி எல்லாம் நடந்திருந்தது. அந்த அம்மாள் கட்டை நிறுத்துப் போட்டு, விரல் ரேகை வைத்து, சீட்டின் நகலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதக் காட்டுனா கார்டு ஒண்ணும் சொல்ல மாட்டாரா சாமி?” என்று என்னைக் கேட்டார்.

அது விற்றதற்குத்தான் சீட்டு, எடுத்ததற்கு அன்று என்று சொல்ல வேண்டியிருந்தது. எடுத்ததற்கும் ஒரு சீட்டு வேண்டுமானால், அவர் ஊர் வனக்குழுவைக் கூட்டி, கூப்பு பிரித்து, ஒப்புதல் பெற வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைச் சங்கச் செயலாளரிடம் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, சும்மாட்டை உதறிக்கொண்டு புறப்பட்டார்.